ஒத்துப்போகாத ஒரு சாம்பிள்: டர்பன் நீரிழிவு மரபணு ஆய்வில் ஒரு நிகழ்வு

இதில் வரும் பெண்மணி இந்தக் குறிப்பைப் படித்து ஒப்புதல் தந்த பிறகே இது வெளியாகிறது. அவரையும் குடும்பத்தையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன.

பின்னணி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் இந்திய வம்சாவளிக் குடும்பங்களுக்கு நீரிழிவு ஏன் இவ்வளவு பரவலாக, இவ்வளவு இளவயதிலேயே வருகிறது என்று தேடும் மரபணு ஆய்வு ஒன்றில் நான் மரபியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். நிறவெறிக் காலத்தில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிக் கட்டப்பட்ட குடியிருப்புகள் இவை. ஒரே தெருவில் மூன்று தலைமுறையும் கிடைக்கும். குடும்பவழி ஆய்வுக்கு இதைவிட வசதியான இடம் அமையாது. ஒதுக்கியவர்கள் அதை நினைத்து ஒதுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ரத்தம் எடுப்பது பெரும்பாலும் கோயில் மண்டபங்களில்தான். எண்பதைத் தாண்டிய பாட்டிகளுக்குத் தமிழ் நன்றாகவே வரும். அவர்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தின் நடுவே தமிழைக் கலந்து பேசுவார்கள். பேரப்பிள்ளைகளிடம் அக்கா, ஆயா, பெரியம்மா என்ற முறைச்சொற்கள் மட்டும் மிச்சம். திருநெல்வேலிக்காரியான என்னை ஒப்புதல் படிவ மேசையில் உட்கார வைத்ததற்குக் காரணம் அந்தப் பாட்டிகள்தான். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்ததிலிருந்து தொடங்கும் ஒப்பந்தக் கூலிப் பட்டியல்களில் தங்கள் முன்னோரின் எண் என்ன என்பதைப் பலர் தாளில் எழுதிப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கேட்டால் உடனே எடுத்துக் காட்டுவார்கள். வம்சம் தெரிந்துகொள்ளும் ஆசைதான் பாதிப் பேரை ஆய்வுக்குள் கொண்டுவந்தது.

ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: உங்கள் உடல்நலத்துக்கு முக்கியமான ஏதாவது தெரியவந்தால் உங்களைத் தொடர்புகொள்ளலாமா? பெரும்பாலானோர் 'ஆம்' என்று டிக் செய்தார்கள். புற்றுநோய், மாரடைப்பு போன்றவைதான் அவர்கள் மனதில் இருந்திருக்கும்.

படிவத்தில் இருந்த ஒரே கட்டம்

கேள்விப் படிவத்தில் 'பால்' என்று ஒரே ஒரு கட்டம். எதிரே ஆண், பெண் என்று இரண்டு வட்டங்கள். சிலர் தாங்களே நிரப்பினார்கள். சிலருக்கு நர்ஸ் ஆளைப் பார்த்து நிரப்பினார். காலியாக விட்டவர்களுக்குக் கம்ப்யூட்டர் அடையாள எண்ணிலிருந்து எடுத்துக்கொண்டது. தென்னாப்பிரிக்க அடையாள எண்ணில் 13 இலக்கங்கள். ஏழாவதிலிருந்து பத்தாவது வரையுள்ள நான்கு இலக்கங்கள் 5000க்குக் கீழே இருந்தால் பெண், 5000 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆண்.

ஆக ஒரே பத்தியில் ஒருவருக்கு அவர் தன்னைப் பற்றிச் சொன்னது, இன்னொருவருக்கு அடுத்தவர் பார்த்துச் சொன்னது, மற்றொருவருக்குப் பிறந்தபோது அரசு பதிந்தது என்று மூன்று வேறு தகவல்கள் கலந்து கிடந்தன. சர்க்கரை அளவை மட்டும் பார்க்கும்வரை இது யாருக்கும் உறுத்தவில்லை.

சோதனையில் தெரிந்தது

மரபணுத் தரவு கைக்கு வந்ததும் செய்யும் தரச் சோதனைகளில் ஒன்று பால் சோதனை. வேலை எளிது. இரண்டு எக்ஸ் குரோமோசோம் உள்ளவருக்கு (பொதுவாகப் பெண்கள்) எக்ஸில் பல இடங்களில் இரண்டு வேறு டி.என்.ஏ. எழுத்துகள் தெரியும். ஒரே எக்ஸ் உள்ளவருக்கு (பொதுவாக ஒரு எக்ஸ், ஒரு ஒய் உள்ள ஆண்கள்) அப்படித் தெரியாது. இதை வைத்து நிரல் ஒரு எண் தரும். பரவலாகப் பயன்படும் பிளிங்க் நிரலில் அந்த எண் 0.2க்குக் கீழே என்றால் பெண், 0.8க்கு மேலே என்றால் ஆண் என்பது வழக்கமான எல்லை. கூடவே ஒய் குரோமோசோமின் சமிக்ஞையையும் பார்ப்போம். குழாய்கள் மாறிப்போனதா என்று கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனை வந்தது. ஒரு மனிதர் ஆணா பெண்ணா என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலை அல்ல.

எங்கள் தொகுப்பிலும் சில வரிகள் ஒத்துப்போகவில்லை. 'பால் ஒத்துப்போகாத சாம்பிள்கள் நீக்கப்பட்டன' என்று கட்டுரையில் ஒரு வாக்கியம் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது பல ஆய்வுகளில் நடப்பதுதான். குடும்பவழி ஆய்வில் ஒருவரை இழந்தால் ஒரு கிளையே அறுந்துபோகும் என்பதால், ஒவ்வொன்றையும் தோண்டிப் பார்க்க முடிவு செய்தோம்.

ஒரு ஜோடி கணவன் மனைவி. அடுத்தடுத்து ரத்தம் கொடுத்தவர்கள், லேபிள் மாறி ஒட்டப்பட்டிருந்தது. இன்னொன்றில் அடையாள எண்ணில் ஒரு இலக்கம் தப்பாக அடிக்கப்பட்டிருந்தது. மூன்றாவது, பெண் என்று பிறப்புப் பதிவான, ஆணாக வாழும் இளைஞர் ஒருவர். படிவத்தில் 'ஆண்' என்று அவரே எழுதியிருந்தார். பதிவில் பாலை மாற்றிக்கொள்ள 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழி தருகிறது, ஆனால் அதற்கு மருத்துவச் சான்றுகள் வேண்டும். அவருடைய அடையாள எண் பழையபடியே இருந்தது. அவர் சொன்னதும் சரி, சாம்பிளும் சரி. ஒற்றைக் கட்டம்தான் போதவில்லை.

நான்காவது, எண்பது வயதைத் தாண்டிய தாத்தா ஒருவர். எக்ஸ் கணக்கு சரியாக இருந்தது, ஒய் சமிக்ஞை மட்டும் மங்கல். வயதான ஆண்களின் ரத்த அணுக்களில் ஒரு பகுதி ஒய் குரோமோசோமை இழந்துவிடுவது சாதாரணம். புகைபிடிப்பவர்களிடம் அது கூடுதல். அவர் உடம்பின் மற்ற இடங்களில் ஒய் இருந்தபடியே இருக்கும். ரத்தத்தை வைத்து ஆளை எடைபோடுவதில் இப்படியும் ஒரு சறுக்கல் உண்டு.

மிஞ்சிய ஒன்று

கடைசியாக நின்றது ஐம்பதுகளில் இருக்கும் ஒரு பெண்மணியின் சாம்பிள். படிவத்தில் பெண், அடையாள எண்ணில் பெண், சொந்தக் கையெழுத்திலும் பெண். மரபணுத் தரவில் ஒரே எக்ஸ், தெளிவான ஒய்.

குழாய் மாறிவிட்டது என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். ஆனால் அவருடைய இரண்டு தங்கைகளும் தாயாரும் அதே ஆய்வில் இருந்தார்கள். உறவுக் கணக்கைப் போட்டால், எக்ஸ், ஒய் தவிர்த்த சாதாரணக் குரோமோசோம்களில் தங்கைகளோடு ஏறக்குறைய பாதி ஒத்துப்போனது, தாயோடும் பொருந்தியது. எனவே அது அவர் ரத்தம்தான். தங்கைகள் இருவருக்கும் அப்பாவின் எக்ஸ் முழுசாக ஒன்றே. அக்காவிடம் அது இல்லை. அம்மாவின் எக்ஸ் ஒன்று மட்டும் இருந்தது. எலும்பு மஜ்ஜை தானம் பெற்றவரின் ரத்தத்தில் தானம் தந்தவரின் குரோமோசோம்தான் தெரியும், ஒருவேளை சகோதரன் தந்ததோ என்றும் பார்த்தோம். அவருக்குச் சகோதரர்கள் கிடையாது, அப்படிச் சிகிச்சையும் நடக்கவில்லை.

விடை எங்கள் படிவத்தின் நான்காம் பக்கத்திலேயே இருந்தது. சிறுவயதில் இரண்டு பக்கமும் குடலிறக்க ஆபரேஷன். பதினெட்டு வயதில் வயிற்றில் ஒரு ஆபரேஷன். மாதவிலக்கு வந்ததே இல்லை. ஒரு பையனைத் தத்தெடுத்து வளர்த்திருக்கிறார். நர்ஸ் இதையெல்லாம் கேட்டு எழுதிவிட்டு, 'கர்ப்பப்பை நீக்கம்' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தார்.

நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் பார்த்ததும் சொன்னார்: ஆண்ட்ரோஜன் உணர்வின்மை, அதாவது ஆண் ஹார்மோன்களை உடம்பு உணராத நிலை, அதுவும் முழுமையான வகையாக இருக்கலாம். எக்ஸ் குரோமோசோமில் ஆண்ட்ரோஜன் ஏற்பிக்கான மரபணு ஒன்று இருக்கிறது. அது வேலை செய்யாவிட்டால், ஒய்யில் உள்ள எஸ்ஆர்ஒய் மரபணு விந்தகத்தை உருவாக்கினாலும், அது சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனை உடம்பு கண்டுகொள்வதே இல்லை. குழந்தை பெண்ணாகவே பிறக்கும், பெண்ணாகவே வளரும். டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் பருவத்தில் மார்பகமும் வளரும். கர்ப்பப்பை மட்டும் இருக்காது, ஏனென்றால் அதை உருவாகவிடாமல் தடுக்கும் இன்னொரு ஹார்மோனை அதே விந்தகம் சுரந்துவிடுகிறது. பெண் குழந்தைக்கு இரண்டு பக்கமும் குடலிறக்கம் வந்தால் இதையும் சந்தேகிக்க வேண்டும் என்பது இன்று பாடப்புத்தகச் செய்தி.

சொல்வதா, விடுவதா

கூட்டத்தில் கருத்துகள் பிரிந்தன. புள்ளியியலாளர், ஒரே ஒரு சாம்பிள்தானே, நீக்கிவிட்டுப் போகலாம் என்றார். மருத்துவர் சொல்லியே ஆகவேண்டும் என்றார். நெறிமுறைக் குழுவிலிருந்து வந்தவர் கேட்ட கேள்விதான் கூர்மையானது: 'ஆம்' என்று டிக் செய்தபோது அவர் மனதில் இப்படி ஒன்று இருந்திருக்குமா?

இருந்திருக்காது. ஆனாலும் சொல்லும் பக்கமே நான் நின்றேன். உள்ளே விந்தகம் மிச்சம் இருந்தால் வயதாக ஆகக் கட்டி வரும் வாய்ப்பு கூடும். எடுத்தாகிவிட்டது என்றால், அதன் பிறகு ஹார்மோன் மாத்திரை தொடர்ந்து எடுக்காதவரின் எலும்பு தேய்ந்திருக்கும். இரண்டில் எதுவானாலும் இன்று செய்யக்கூடிய காரியம் உண்டு. இன்னொன்றும் இருந்தது. 1970, 80களில் இப்படிப்பட்ட பெண்களிடம் குரோமோசோம் விஷயத்தை மறைப்பதுதான் உலகமெங்கும் மருத்துவப் பழக்கம்; 'சினைப்பை கெட்டுவிட்டது, எடுத்துவிட்டோம்' என்று சொல்லி அனுப்புவார்கள். தெரிந்தே பேசாமலிருந்தால் அந்த மறைப்பை நாங்களும் தொடர்வதாகும்.

எதிர்ப்பக்கத்து வாதமும் லேசானதல்ல. சாட்ஸ்வொர்த்தில் ஒருவர் காதில் போட்டால் ஊருக்கே தெரியும். 2005இல் சமத்துவச் சட்டத்தைத் திருத்தி, 'பால்' என்பதில் இடைப்பாலினரும் அடங்குவர் என்று எழுதிய நாடு இது. சட்டம் இருக்கிறது என்பதற்காகக் கல்யாண வீட்டில் பேசாமலிருப்பார்களா?

கடைசியில் எடுத்த முடிவு: கூப்பிடுவோம், ஆனால் படிப்படியாக. போனில் எதுவும் சொல்வதில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அவரே முடிவு செய்வார். எங்கள் தரவு ஆராய்ச்சித் தரவு, நோயறிதல் அல்ல. அவர் விரும்பினால் புது ரத்தம் எடுத்து அங்கீகாரம் பெற்ற மருத்துவ ஆய்வகத்தில் உறுதி செய்வோம். மருத்துவர் உடன் இருப்பார். 'நீங்கள் மரபணுப்படி ஆண்' என்ற வாக்கியத்தை யாரும் சொல்லக் கூடாது, ஏனென்றால் அது உண்மையும் அல்ல.

பார்க்காமல் விட்டது

இங்கே ஒரு முடிவைத் தனியாகச் சொல்ல வேண்டும். இது எக்ஸ் வழியாக வருவது. தாயின் ஒரு எக்ஸில் இந்த மாற்றம் இருந்தால், ஒவ்வொரு தங்கையும் அதைச் சுமப்பதற்குப் பாதி வாய்ப்பு. சில குடும்பங்களில் தாயிடம் இல்லாமல் புதிதாகவும் தோன்றும். தங்கைகளின் எக்ஸ் தரவும் எங்கள் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அந்த மரபணு இருக்கும் பகுதியில் அக்காவுக்கு வந்த அதே துண்டு யாருக்கு வந்திருக்கிறது என்று ஒரு பிற்பகலில் பார்த்துவிடலாம். ஒரு தங்கைக்கு பதினைந்து வயதில் மகள் இருப்பதும், அவள் இன்னும் பெரியவளாகவில்லை என்பதும் குடும்பப் படிவத்தில் இருந்தது.

பார்க்கவில்லை. நீரிழிவு பற்றிய கேள்விக்குத்தான் தங்கைகள் ரத்தம் கொடுத்தார்கள். அக்காவின் தனிப்பட்ட விஷயத்திலிருந்து கிளம்பி, தங்கையின் தரவுக்குள் நுழைந்து, ஆய்வில் சேராத ஒரு சிறுமியைப் பற்றி ஊகிப்பதற்கு எங்களுக்கு உரிமை இல்லை. குழுவில் இரண்டு பேருக்கு இது பிடிக்கவில்லை. தெரிந்திருந்தால் அந்தச் சிறுமிக்கு நல்லதுதானே என்றார்கள். அந்த வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அவளுக்கு நல்லது செய்யும் வழி பெரியம்மா வழியாகத் திறக்க வேண்டும் என்றே பட்டது.

சந்திப்பு

தனியாகத்தான் வந்தார். "சுகர் ரிப்போர்ட்டா, தங்கச்சி?" என்று கேட்டபடியே உட்கார்ந்தார். சுகர் இல்லை அக்கா, நீங்க சொன்ன பழைய ஆபரேஷன் பத்தி எங்க டெஸ்ட்ல ஒரு விஷயம் தெரியுது, சொல்லவா வேண்டாமா, நீங்கதான் சொல்லணும் என்றேன்.

கொஞ்ச நேரம் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "எனக்குக் கர்ப்பப்பை இல்லைன்னு அப்பவே சொன்னாங்க. ஏன்னு யாரும் சொல்லல. நான் கேட்டேன். டாக்டர் எங்கப்பாவை வெளியே கூட்டிட்டுப் போய்ப் பேசினார். அப்பா திரும்பி வந்து, வீட்டுக்குப் போகலாம் வாம்மான்னார். அவ்வளவுதான்."

மருத்துவர் படம் போட்டு விளக்கினார். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது, "செமென்யா மாதிரியா?" இந்த நாட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. தென்னாப்பிரிக்க ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமென்யா 2009 பெர்லின் உலகத் தடகளப் போட்டியில் வென்ற பிறகு, அந்த இளம்பெண்ணின் உடம்பை உலகமே கூறுபோட்டதை எல்லோரும் பார்த்தார்கள். பால் சோதனையைக் காரணம் காட்டி, ஓட்ட வீராங்கனை புதுக்கோட்டைச் சாந்தியிடமிருந்து 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியின் வெள்ளிப் பதக்கத்தைப் பிடுங்கியது எனக்கு நினைவுக்கு வந்தது. அவர்கள் மருத்துவ விவரம் அவர்கள் சொந்த விஷயம், உங்களுடையது வேறு என்று மட்டும் சொன்னோம். உதாரணம் வேண்டும் என்று அவர் கேட்டதால், ஸ்பெயின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்டினெஸ் பட்டினோவைப் பற்றிச் சொன்னேன். 1985இல் கோபேயில் குரோமோசோம் சோதனையால் தடுக்கப்பட்டவர், தனக்கு இருப்பது இதே உணர்வின்மை என்பதை வெளிப்படையாகவே எழுதியவர், 1988இல் தகுதியை மீண்டும் பெற்றவர்.

அழவில்லை. இரண்டு விஷயம் சொன்னார். அம்மாவிடம் சொல்லக் கூடாது, அவர் தன்மேல் போட்டுக்கொள்வார். தங்கை மகள் விஷயத்தை அவரே பார்த்துக்கொள்வார், நாங்கள் யாரும் போன் செய்யக் கூடாது. அந்தச் சிறுமியைப் பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை. அவரே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதன் பிறகு

புது ரத்தத்தில் 46 எக்ஸ்-ஒய், அதாவது 46 குரோமோசோம்களில் ஒரு எக்ஸ், ஒரு ஒய் என்று உறுதியானது. ஆண்ட்ரோஜன் ஏற்பி மரபணுவில் மாற்றமும் தெரிந்தது. ஸ்கேனில் விந்தகம் இல்லை. பதினெட்டு வயது ஆபரேஷன் எதற்கு என்பது அப்படித்தான் தெரிந்தது. பழைய மருத்துவமனைக் கோப்பைக் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. அப்போது கொடுத்த மாத்திரையை முப்பது வயதுவாக்கில் நிறுத்தியிருக்கிறார். எதற்கு என்று தெரியாத மாத்திரையை யார்தான் காலமெல்லாம் விழுங்குவார்கள்? எலும்பு அடர்த்திச் சோதனையில் முதுகெலும்பு நன்றாகவே தேய்ந்திருந்தது. அதற்குச் சிகிச்சை தொடங்கியது.

குடும்பத்துக்குள் அவ்வளவு சுமுகமாகப் போகவில்லை. அவர் பேசிய பிறகு, மகளை வைத்திருக்கும் தங்கை எங்களுக்குப் போன் செய்தார். சர்க்கரைக்கு என்று ரத்தம் வாங்கிவிட்டு வீட்டுக்குள் குண்டு போட்டுவிட்டீர்கள் என்றார். தன் சாம்பிளைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். சாம்பிளை அழித்தோம், தரவை நீக்கினோம், எழுத்தில் உறுதிப்படுத்தினோம். அந்தச் சிறுமியை ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனதாக அக்கா சொன்னார். என்ன தெரிந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கணக்கில் அவரை எங்கே வைப்பது

புள்ளியியலாளரின் அடுத்த யோசனை, அவருக்கு '0' போடலாம் என்பது. பிளிங்கில் 1 ஆண், 2 பெண், 0 தெரியாது. நடுநிலையாகத் தோன்றும். ஆனால் பால் தெரியாதவரின் நோய் விவரத்தை அந்த நிரல் தானாகவே 'தகவல் இல்லை' என்று ஆக்கிவிடும்; வேண்டாம் என்று தனியாகக் கட்டளை கொடுத்தால்தான் விடும். நீக்கவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, ஆள் சத்தமில்லாமல் காணாமல் போயிருப்பார்.

ஒரே எண்ணால் அவரைக் குறிப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு கணக்குக்கும் எது தேவை என்று பார்த்தோம். தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. அவர் உடம்பு ஆண்ட்ரோஜனின் தாக்கமே இல்லாமல் வளர்ந்தது, எனவே 80. சிறுநீரக வடிதிறனைக் கிரியாட்டினின் வைத்துக் கணக்கிடும் சூத்திரத்திலும் பால் வருகிறது. அதன் பின்னணியில் இருப்பது தசையின் அளவு, எனவே அங்கேயும் பெண். எக்ஸ் குரோமோசோம் பகுப்பாய்வில் மட்டும் அவருக்கு ஒரு பிரதி. நீரிழிவு எப்போது வந்தது என்ற கேள்வியில், சினைப்பை ஹார்மோன் இருந்து மாதவிலக்கு நின்ற பெண்களோடு அவரைச் சேர்க்க முடியாது; தனிக் குறிப்பு போட்டோம். பல ஆய்வுகள் எக்ஸ் பக்கமே போகாமல் தப்பித்துக்கொள்கின்றன. 2013இல் வந்த ஒரு கணக்கெடுப்பின்படி, முழு மரபணுத் தொடர்பு ஆய்வுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் எக்ஸைச் சேர்த்திருந்தது.

குடும்ப மர வரைபடத்தில் அவர் முன்பு போலவே வட்டம்தான், அதாவது பெண்ணுக்கான குறி. குரோமோசோம் விவரம் கீழே சிறிய எழுத்தில், பூட்டிய பிரதியில் மட்டும்.

மாறியவையும் மாறாதவையும்

அடுத்த கட்டப் படிவத்தில் பிறந்தபோது பதிவான பாலும், இன்று தன்னை என்னவாகக் கருதுகிறார் என்பதும் தனித்தனிக் கேள்விகள். நர்ஸ் பார்த்து நிரப்புவது நின்றது. அடையாள எண்ணிலிருந்து எடுப்பதும் நின்றது. காலியாக விட்டால் காலிதான். 'கர்ப்பப்பை நீக்கம்' கட்டத்துக்குப் பக்கத்தில் 'பிறவியிலேயே இல்லை' என்றும் ஒன்று வந்திருக்கிறது.

ஒப்புதல் படிவத்தில் தனிக் கேள்வி சேர்த்தோம்: குரோமோசோம் சோதனையில் எதிர்பாராத முடிவு வந்தால் சொல்லலாமா, உங்கள் உறவினரைப் பாதிக்கக்கூடியது என்றால்? மண்டபத்து மேசையில் இதை விளக்க நேரம் பிடிக்கிறது. வரிசை நீள்கிறது, சிலர் பாதியில் எழுந்து போகிறார்கள். எதிர்பாராதது வந்தால் யார் பேசுவது, எத்தனை நாளுக்குள், எந்த மருத்துவர் என்பதும் முதல் ரத்தக் குழாய்க்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது.

பல நாட்டு ஆய்வுகள் சேர்ந்த கூட்டமைப்புக்குத் தரவு அனுப்பும்போதுதான் இன்னும் சிக்கல். அவர்கள் வார்ப்புருவில் பாலுக்கு ஒரே பத்தி. அவரை 2 என்று போட்டு, எக்ஸ் பிரதி எண்ணிக்கைக்குத் தனிப் பத்தி சேர்த்து அனுப்பினோம். பால் ஒத்துப்போகவில்லை, நீக்கிவிட்டு மறுபடி அனுப்பவும் என்று தானியங்கிப் பதில் வந்தது. காரணத்தை விளக்கி எழுதியிருக்கிறோம். கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கிறது.